பின்வாசலை அடைத்த பொன்மொழிகள்

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓர் எலி பொன்மொழி சேர்த்து வந்தது. தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்துப் போடும் தாளையெல்லாம் இழுத்துப் போய் வளையின் பின்வாசலில் அடுக்கி வைக்கும்.

"அது நாம தப்பி ஓடுற வழியாச்சேய்யா!" என்று பெண்டாட்டி எலி பதறும்.

"இதெல்லாம் வாழ வழி சொல்ற தாளுடி. வாயை மூடு!"

ஒரு மத்தியானம் முன்வாசலில் பூனையின் கை நுழைந்தது. இரண்டும் பின்வாசலுக்கு ஓடின. அங்கே தாள் முட்ட முட்ட அடைத்துக்கொண்டிருந்தது.

"தள்ளுய்யா, கடிச்சு வழி பண்றேன்!"

"ஐயையோ, கிழிச்சிடாதே! ஒவ்வொண்ணா எடுத்துத் தர்றேன், மடங்காம வாங்கி வை." எலி முதல் தாளை உருவி, வாசிக்கவே ஆரம்பித்துவிட்டது. "'அவசரப்படாதே, ஆயுள் கூடும்.' ஆகா, என்னமா சொல்லியிருக்கான்!"

பெண்டாட்டி காதில் வாங்கவில்லை. நறநறவென்று கடித்து ஓட்டை போட்டு, புருஷனைக் காதைப் பிடித்து வெளியே இழுத்தது. வால் மட்டும் பூனையிடம் தங்கிவிட்டது.

கொல்லையில் விழுந்த எலி திரும்பிப் பார்த்து, "அடிப்பாவி, போச்சே!" என்று அலறியது.

"வால்தானே போச்சு? உசிரு இருக்கேய்யா."

"வால் கிடக்கட்டும்டி! வெள்ளிக்கிழமைத் தாளை ரெண்டாக் கிழிச்சிட்டியே!"