ஐந்து மதிப்பெண் கேள்வி

“சார், விடைக்குறிப்பே தப்பு. இந்தப் பேப்பர்தான் சரி,” என்று முதன்மைத் தேர்வாளரின் மேசையில் விடைத்தாளை வைத்தேன்.

கணினிகளை ஸ்டார் முறையிலும் ரிங் முறையிலும் இணைப்பதை ஒப்பிடச் சொன்ன கேள்வி. ஸ்டாரில் ஒரு வயர் அறுந்தால் ஒரு கணினிதான் நிற்கும், ரிங்கில் மொத்தமும் படுத்துவிடும் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் அப்படியே தலைகீழ்.

“மத்த நாப்பது பேரும் குறிப்புல இருக்கிற மாதிரிதானேம்மா எழுதியிருக்காங்க?”

“எல்லாரும் சேர்ந்து தப்பா எழுதினா சரியாயிடுமா சார்? இதுக்கு முட்டை போட்டா இந்தப் பிள்ளை ஃபெயில்.”

“குறிப்பை மாத்த எனக்கே அதிகாரம் இல்ல. எல்லா ஸ்கூல்லயும் இந்த கைடுதான். இதைப் பார்த்துத்தான் குறிப்பே போட்டாங்க,” என்று மேசையில் கிடந்த கைடைக் காட்டினார்.

“குடுங்க சார். இதைப் போட்ட புண்ணியவான் யாருன்னு பார்த்து, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்.”

கைடைப் புரட்டினேன். ஒப்பீட்டு அட்டவணையில் ஸ்டார், ரிங் என்ற இரண்டு தலைப்புகளும் இடம் மாறியிருந்தன. கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர். கல்லூரியில் படித்தபோது மாலை வேலைக்குப் போன இடம். நான் டைப் அடித்த கைடு.

“ஒருவாட்டி சரிபார்த்துடும்மா,” என்று அன்றைக்கு முதலாளி சொன்னார். “இதையெல்லாம் எவன் சார் படிக்கப்போறான்?” என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் நான்.

“என்னம்மா, ஆள் யாருன்னு தெரிஞ்சுதா? போனைப் போட்டுக் கேளேன்.”

கைடை மூடிவைத்துவிட்டு அந்தப் பேப்பரில் முட்டையைப் போட்டேன்.