மோனிகாவுக்கு மட்டும் வளையல் இல்லை

"மோனிகாவுக்கு வளையல் வேணாம். அவளை மேடையிலேர்ந்து எறக்குங்க."

நர்ஸ் கிரேஸ் மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் மைக் இருந்ததை மறந்துவிட்டாள். கேன்டீன் ஹால் முழுக்கக் கேட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்தக் கம்பெனியில் அன்றைக்குக் கூட்டு வளைகாப்பு. மாசமாக இருக்கும் தொழிலாளிப் பெண்கள் எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு. சொந்தக்காரர்களைக் கம்பெனி வேனே ஏற்றி வந்திருந்தது. சந்தனம், பூ, எலுமிச்சை சாதம், புளி சாதம், ஒரே சிரிப்பும் கும்மாளமும்.

அத்தனை சத்தமும் சட்டென்று அடங்கியது.

மோனிகாவின் மாமியார் மேரி முன்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"இன்னா சிஸ்டர் இது? எல்லாருக்கும் போட்டுக்கினே வந்த, எம் மருமவகிட்ட வந்ததும் நிறுத்திட்ட? அவ இன்னா பாவம் பண்ணா?"

"வளையல் ஏறல மேரியக்கா."

"ஏறலன்னா பெரிசா ஒண்ணு பாத்துப் போடேன்!"

"அப்புறம் பேசலாங்க்கா."

கிரேஸ் வளையலைத் தட்டில் வைத்துவிட்டு மோனிகாவின் தோளைப் பிடித்து எழுப்பினாள். தலைப்பிரசவம். இந்த நாளுக்காகவே புருஷன் சாம்சன் எடுத்துக்கொடுத்த பச்சைப் பட்டு. மோனிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேரிக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குத் தெரியாதா? செக்கப்புக்கு வான்னு ஊட்டாண்ட வந்து நின்ன. வேலை கெட்டுப் போவும், அனுப்ப மாட்டேன்னு தொரத்திவுட்டேன். அந்த வஞ்சத்த இங்க வச்சுத் தீத்துக்கினியா? புள்ளத்தாச்சிய சபையில அழவுடறியே, நீயெல்லாம் ஒரு நர்ஸா?"

ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது.

"பாவம், அந்தப் பொண்ணு."

"நர்ஸம்மாவுக்கு ரொம்பத்தான் திமிரு."

ஒருத்தி செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

மேனேஜர் ரகுநந்தன் ஓடி வந்தார்.

"சார், நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த!" என்றாள் மேரி.

அவர் எதையும் கேட்கவில்லை. கிரேஸின் முகத்தைப் பார்த்தார். உடனே போனை எடுத்து, "வண்டியை ஹால் வாசலுக்குக் கொண்டா. சீக்கிரம்!" என்றார்.

"பாத்தீங்களா! வளையலும் கெடையாதாம், வெளிய வேற தொரத்துறாங்க!"

அதற்குள் கிரேஸ் மோனிகாவை மேடைக்குப் பின்னால் இருந்த திரைக்குள் அழைத்துப் போய்விட்டாள். மேரி திரையை இழுத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

உள்ளே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஸத்யபாமா. மோனிகாவின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றியிருந்தார்.

"தலை வலிக்குதாம்மா?"

"காலையிலேர்ந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது மேடம். கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு. வேலை அசதின்னு நெனச்சேன்."

டாக்டர் பட்டையில் ஏறிய அளவைப் பார்த்தார். ஊசியை எடுத்தார்.

மேரியின் குரல் இறங்கியது. "இன்னா டாக்டரம்மா... இன்னா ஆச்சு?"

"பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு, அதான் கை வீக்கம். கவனிக்காம விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். ரெண்டு உசுருக்கும் ஆபத்து. பொண்ணு பயந்தா இன்னும் ஏறும்னுதான் சிஸ்டர் வாயைத் திறக்கல. கிளம்புங்க!"

வண்டி பறந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிரேஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "வந்துக்கினே இருக்கோம், ஆபரேஷன் தியேட்டர் ரெடியா இருக்கட்டும்!"

ரகுநந்தன் ஒவ்வொரு கம்பெனி கேட்டுக்கும் போன் போட்டிருந்தார். வழி நெடுக செக்யூரிட்டிகள் ரோட்டுக்கு வந்து நின்று, கன்டெய்னர் லாரிகளை உள்ளேயே நிறுத்தி வைத்தார்கள். எப்போதும் நகரவே முடியாத சிப்காட் ரோடு அன்றைக்கு வெறிச்சோடிக் கிடந்தது.

பின்னால், மருமகளின் கையைப் பிடித்தபடி வந்த மேரி அப்போதுதான் கவனித்தாள். விரலெல்லாம் புசுபுசுவென்று வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

சாயங்காலம் குழந்தை பிறந்தது. பெண். கொஞ்சம் எடை குறைவுதான். ஆனால் அழுத அழுகை தியேட்டர் கதவைத் தாண்டிக் கேட்டது! கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்த சாம்சன், எதிரே வந்த வார்டுபாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"எங்க ஊட்டுக்குப் பொண்ணு வந்துட்டா! தாயும் நல்லா இருக்கா!" மேரி போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள். பிறகு கிரேஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாய்க்கு வந்தத எல்லாம் பேசிட்டேன் சிஸ்டர். மனசுல வச்சுக்காத."

"அத விடுங்கக்கா. பேத்தியைப் பாருங்க."

"ஒண்ணுதான் ஆறல. கம்பெனியில அவ்ளோ ஆசையா வளைகாப்பு வச்சாங்க. எங்களால பாதியிலயே நின்னு போச்சே."

கிரேஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாரு சொன்னது நின்னு போச்சுன்னு? மத்தவங்களுக்கும் டாக்டரம்மா இந்நேரம் பிரஷர் பாத்து முடிச்சிருப்பாங்க. செக்கப்புக்குக் கூப்ட்டா ஒரு ஊட்லயும் அனுப்பல. அப்புறம்தான் டாக்டரம்மா, மேனேஜர் சார், நான் மூணு பேரும் ஒக்காந்து யோசிச்சோம். போன மாசமே எல்லாரு கை அளவும் எடுத்து, அதுக்குத் தகுந்த மாதிரி வளையல் வாங்குனோம்."

மேரி ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"வளையல் ஏறாத கை எதுன்னு கண்டுபுடிக்கத்தானக்கா அந்த வளைகாப்பே வச்சோம்!"