பேசாத நீலச்சட்டை

ரியாத் பள்ளிவாசல் பக்கத்து நோன்புக் கூடாரத்தில், கூலியாட்களோடு, அவர்களைப் போலவே நீலச்சட்டை போட்ட கிழவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழத்தை மட்டும் தின்றுவிட்டு, சோற்றுப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்தார்.

"ஏய் ரஃபீக், இங்கயே தின்னு. கொண்டுபோய் யாருக்கு விக்கப் போற?" என்றார் பரிமாறிய சவூதிக்காரர் முத்லக். பிழைக்க வந்த யாரையும் அங்கே கூப்பிடுவது ரஃபீக் என்றுதான். தர்மம் செய்பவர்களுக்கும் வாய் சும்மா இருப்பதில்லை.

கிழவர் குனிந்து பையின் வாயை முடிச்சுப் போட்டார்.

"நாலு நாளா வர்றாரு முதலாளி. ஊமை போல," என்றான் பக்கத்திலிருந்த வங்காளத் தொழிலாளி.

முத்லக் காபி ஊற்றினார். கிழவர் குடித்ததும் மறுபடி ஊற்றக் குனிந்தார். கிழவர் கிண்ணத்தை இரண்டு விரலால் லேசாக ஆட்டி நீட்டினார்.

முத்லக் திகைத்தார். போதும் என்பதற்குக் கிண்ணத்தை ஆட்டுவது இந்த மண்ணில் பிறந்தவர்களின் பழக்கம். பிழைக்க வந்தவர்கள் கையால்தான் மூடுவார்கள்.

"பெரியவரே, நீங்க நம்மாளா!"

"மெதுவாப் பேசுப்பா. மகனுக்கு வேலை போய் ரெண்டு வருஷம். வீட்டுல பேரப்பிள்ளைங்க மூணு."

"தர்ம சங்கத்துல சொன்னா வீட்டுக்கே அரிசி வருமே?"

"வண்டியில சங்கத்துப் பேரு இருக்கும். தெருவே பாக்கும்."

"பாத்தா என்ன?"

"பன்னெண்டு வருஷம் முந்தி அந்த வண்டி எதிர்வீட்டுக்கு வந்துச்சு. மறுநாளே அந்த வீட்டுப் பொண்ணோட கல்யாணம் நின்னுபோச்சு."

"அடப்பாவமே! எவன் நிறுத்தினான்?"

கிழவர் பையை மடியோடு இறுக்கிக்கொண்டார்.

"நான்தான். மாப்பிள்ளை என் மகன்."