மிச்சமிருந்த பூட்டு

பழுதுபார்க்க மெஷினுக்குள் இறங்குகிறவர் தன் பூட்டை மெயின் சுவிட்சில் மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்சைப் போட முடியும். போன வருஷம், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் ஃபோர்மேன் சுவிட்சைப் போட்டதில் ஒரு ஃபிட்டர் கருகிப்போனார். அதன் பிறகு வந்த கட்டுப்பாடு இது.

இன்று இறங்கியவர்கள் நான்கு பேர். நால்வரும் வெளியே வந்து அவரவர் பூட்டைக் கழற்றினார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்று மிச்சம் தொங்கியது.

"யாருதுய்யா இது? தலைக்கு மேல வேலை கிடக்கு!" ஃபோர்மேனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எங்களுடையது இல்லை என்று நால்வரும் கையை விரித்தார்கள்.

அவரே ரம்பத்தால் அறுத்தார். சுவிட்சில் கை வைத்தார்.

காலி மெஷினுக்குள்ளிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"இந்தத் தடவையாச்சும் கேட்டுட்டுப் போடுங்கண்ணே. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."