சேதாரம் இல்லாத பந்தயம்

மாமனார் சுப்பராயலு ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முன்கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டார். மாப்பிள்ளை ட்ரோன் ஓட்டப் போகிறார் என்றால் மனுஷன் வேறு எப்படி உட்காருவது?

அவரைக் குறை சொல்ல முடியாது. போன மாதம் சிதம்பரத்தில் மகள் வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே மாப்பிள்ளை இளவரசு, இறக்கைகளைக் கழற்றாமலேயே பந்தய ட்ரோனுக்குப் பேட்டரியை மாட்டி என்னவோ சோதனை செய்தான். அது விருட்டென்று எழும்பி, சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வளர்த்த மீசையில் ஒரு பக்கத்தைச் சீவிக்கொண்டு போய்த் திரைச்சீலையில் சிக்கிக்கொண்டது. தலைக்கு வந்தது மீசையோடு போயிற்று என்று பார்த்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். மிச்சப் பக்கத்தை அவரே வழித்துக்கொண்டார், பாவம்.

அன்றைக்கே கயல்விழி புருஷனிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கிள்ளை ஊரில் நடக்கிற ட்ரோன் பந்தயத்துக்கு இந்த ஒரு தடவை போகலாம். யார் மேலாவது உரசினாலோ, எதிலாவது இடித்தாலோ, பிச்சாவரம் பக்கம்தானே, ட்ரோன் நேரே தண்ணீருக்குள். அவள் சொன்னால் செய்கிறவள். அவனுடைய கிடாரைக் காயலான் கடைக்குப் போட்டவளும் அவள்தான்.

சூடு கண்ட பூனை அல்லவா? அறுவடை முடிந்த வயலில் ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் இளவரசு தன் செலவில் இன்னொரு கயிறு கட்டினான். இறக்கை நான்கும் சரியான பக்கம் சுற்றுகிறதா என்று விரலால் சுழற்றிப் பார்த்தான். ரிமோட் சிக்னல் விட்டுப்போனால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி செய்திருப்பதை, கேட்காத ஆட்களைக்கூட நிறுத்தி வைத்து விளக்கினான். ரிமோட்டைத்தான் முதலில் போட வேண்டும், பேட்டரியைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும் என்று கடலை விற்கிறவருக்கும் பாடம் நடந்தது. அவர் தப்பித்தால் போதும் என்று கிளம்பிப் போனார்.

போட்டி நடத்தும் எழிலன் ஒவ்வொருவருக்கும் ஒரு சேனல் நம்பர் சொல்லிக்கொண்டே வந்தான். ட்ரோனில் இருக்கிற கேமரா காட்டுவதை, கண்ணை மூடினாற்போல் மாட்டுகிற காகிள்ஸுக்குள் அந்த நம்பரில் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்; நம்பர் தப்பினால் அடுத்தவர் கேமராதான் தெரியும். பக்கத்தில் நின்ற கடலூர்ப் பெண் மோகனப்பிரியா தன்னுடையதைச் சொன்னபடி மாற்றிக்கொண்டாள். இளவரசும் தலையை ஆட்டினான். ஆனால் அவன் கவனமெல்லாம் மாமனாரின் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளுவதில் இருந்தது.

கடைசியாகக் கயல்விழியைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தான்.

"நான் காகிள்ஸ் மாட்டுனப்பறம், எது நடந்தாலும் என்னைக் கூப்புடக் கூடாது, தொடக் கூடாது. கவனம் செதறுனா உசுருக்கே ஆபத்து."

"சரிங்க, வாயே தொறக்கல," என்றாள் அவள்.

ரிமோட்டைப் போட்டுவிட்டு, பேட்டரியை எடுத்துக்கொண்டு ட்ரோன் பக்கம் குனிந்தான். அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு இரண்டு கயிற்றையும் தாண்டி உள்ளே வந்தது. விடுவானா இளவரசு? கையில் இருந்ததையெல்லாம் கீழே வைத்துவிட்டு, வயலின் கடைசி வரப்பு வரைக்கும் விரட்டிக்கொண்டு போனான். மூச்சிரைக்க அவன் திரும்பி வரவும், எழிலன் விசிலை வாயில் வைக்கவும் சரியாக இருந்தது. அவசரமாகக் காகிள்ஸை மாட்டிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

விசில் அடித்ததுதான் தெரியும். அப்பப்பா, என்ன வேகம். தரை கீழே போயிற்று, முதல் வளையம் வந்தது, போயிற்று. வழக்கமாக முட்டிக்கொள்ளும் பனைமரத்தை ஒட்டினாற்போல் திரும்பிப் போனபோது, தன் மேலேயே அவனுக்கு மரியாதை வந்துவிட்டது.

நடுவில் ஒரு பெரிய தும்மல் வந்தது. விரல் இரண்டும் ரிமோட்டை விட்டு நழுவிவிட்டன. தொலைந்தது, இனி தண்ணீருக்குள்தான் என்று நெஞ்சு பதறியது. ட்ரோனோ நூல் பிடித்த மாதிரி அடுத்த வளையத்துக்குள் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாள் பயிற்சி கையில் ஊறிவிட்டது என்று இளவரசு தன்னையே மெச்சிக்கொண்டான்.

எல்லாரையும் முந்திக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டி, பூப்போல இறங்கியது. வயல் முழுக்கக் கைதட்டல். காகிள்ஸைக் கழற்றினபோது அவன் கண் கலங்கியிருந்தது.

அதற்குள் மாமனார் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார். அன்றைக்கு முதன்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார்.

"யாருக்கும் ஒரு கீறல் இல்ல. இப்புடி ஓட்டுறதா இருந்தா தெனமும் ஓட்டுங்க மாப்ள, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

கயல்விழியும் சிரித்த முகமாகத் தலையை ஆட்டினாள். தண்ணீருக்குப் போக இருந்த ட்ரோன் வீட்டுக்கு வருவது உறுதியாயிற்று. இளவரசு அப்படியே ஆகாயத்தில் மிதந்தான்.

அங்கே எழிலனோ கோப்பையைத் தூக்கி மோகனப்பிரியாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். இளவரசுக்கு ரத்தம் கொதித்தது. பட்டப்பகலில் இப்படி ஓர் அநியாயமா? நான்தான் முதலில் வந்தேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்று கத்திக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிளம்பினான்.

கயல்விழி ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அவன் காதருகே குனிந்தாள்.

"கம்முனு வாங்க, ஒங்களுது இன்னும் கெளம்பவே இல்ல."