மூன்றாவது வரிசையில் பிசுக்கு

"தள்ளுங்க, தள்ளுங்க!"

சொட்டச் சொட்ட ஒரு மெம்பரேனைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி லேபுக்குள் பாய்ந்தாள் கெமிஸ்ட்.

பின்னாலேயே மேனேஜர். அவருக்கும் பின்னால், முகம் வெளிறிப்போய், ஃபிட்டர். கெமிஸ்டின் புருஷன்.

கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையில் மூன்றாவது வரிசை அன்று காலை மூச்சுத் திணறி நின்றுவிட்டது. உப்பை வடிகட்டும் மெம்பரேன்களில் பிசுக்கு. அழுத்தம் ஏறு ஏறென்று ஏறி, தண்ணீர் நூலாக இளைத்துப்போனது.

மற்ற வரிசைகள் பளிச்சென்று ஓடுகின்றன. அதே கடல், அதே தண்ணீர்.

மூன்றாவதை மட்டும்தான் ஃபிட்டர் மாட்டியிருந்தான். அதுவும் வெறுங்கையால். கையுறை போட்டால், மெம்பரேன் முனையில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்காருவது விரலுக்குத் தெரியாதாம்.

"வளையம் வழுக்கிட்டுப் போகட்டும்னு கிரீஸ் தடவியிருக்கான்மா உன் வீட்டுக்காரன்," என்றார் மேனேஜர். "எண்ணெய் பட்டா கிருமிக்குக் கொண்டாட்டம்னு தெரியாதா இவனுக்கு? லேப்ல வேற ஆள் இருந்தா உன்கிட்ட கொடுப்பேனா? நீயே பார்த்துச் சொல்லு. எண்ணெய் இருந்தா இன்னியோட அவன் வேலை காலி."

"கிரீஸா? நானா சார்?"

ஃபிட்டர் பதறினான். பதறமாட்டானா? ஆலையில் அவனுக்குப் பட்டப்பெயரே 'ரிங் சாமியார்'. வழுக்குவதற்குத் தடவும் எண்ணெயில்லாத கிளிசரினைத் தவிர எதையும் வளையத்துக்குப் பக்கத்தில் அண்டவிட மாட்டான். வறுத்த கடலை தின்றுவிட்டு வந்தவனைக்கூட வாசலிலேயே மடக்கிக் கை கழுவ அனுப்புகிறவன்.

மருந்துத் தண்ணீரில் புழங்கிப் புழங்கி உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிந்தபோதும், மனைவி நீட்டிய மருந்து ட்யூபை ஜன்னல் வழியே வீசினான். சோப்பு எரிகிறது என்று வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டான். கொஞ்ச நாளில் வெடிப்பு தானாக ஆறியது. "பார்த்தியா, இரும்பு உடம்பு!" என்று கேன்டீன் முழுக்கக் கையை விரித்துக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அவள் வளையத்தைக் கழற்றினாள். ரப்பரைச் சுற்றி, விரல் பட்ட இடமெல்லாம் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து வெந்நீரில் போட்டாள்.

தண்ணீர் மேல் வட்டம் வட்டமாக எண்ணெய் மினுங்கியது.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

"உன் மேல சத்தியமா சொல்றேன்," என்றான் ஃபிட்டர் அவளிடம். "நான் எண்ணெயைத் தொடவே இல்லை."

அவள் வெந்நீரின் மேல் குனிந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கூடவே ஒரு வாசனை.

பாதாம்.

கிரீஸில் ஏது பாதாம்?

அவள் சட்டென்று மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"சார், இவர் பொய் சொல்லலை. வேலையை விட்டுத் தூக்கணும்னா என்னைத் தூக்குங்க. பூசினது நான்."

"நீயா? நீ பம்ப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டியேம்மா!"

அவள் புருஷனின் கையைப் பிடித்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். ஒரு கீறல் இல்லை. குழந்தைக் கை மாதிரி வழவழவென்று இருந்தது. அதை அவன் மூக்குக்கே கொண்டுபோனாள்.

ரிங் சாமியார் முகர்ந்து பார்த்தார். காது மடல்வரை சிவந்தார்.

மேனேஜரும் குனிந்து ஒருமுறை முகர்ந்தார். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நாளையிலிருந்து கையுறை போட்டுத் தொலைடா," என்றார். "ஆனா ஏம்மா, இந்தச் சாமியார் எப்படிக் கையை நீட்டினான்?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"இவர் எங்க சார் நீட்டினாரு? தினமும் விடிகாலையில, இவர் குறட்டை விடறப்போ..."