சத்தம் புகாத அறை

சிங்கவரம் சாலையில், வீட்டுக் கொல்லையிலிருந்த மாட்டுக்கொட்டகையை மைக்செட் சுந்தரமூர்த்தி பாட்டுப் பதிவு செய்யும் அறையாக மாற்றுகிறான் என்ற செய்தி, செஞ்சிக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது கொஞ்சம் மசாலா சேர்ந்துதான் வந்தது.

"கல்யாணத்துக்கு மைக் கட்டுறவனுக்கு எதுக்குய்யா ஸ்டூடியோ?" என்றார், டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஏட்டு ஜகபர் அலி.

ஏட்டுக்குப் பாம்புக் காது. கரும்புத் தோட்டத்துக்குள் சாராயப் பானை கொதிப்பதை, ரோட்டில் சைக்கிள் மிதித்தபடியே கேட்டுப் பிடித்தவர். அவர் போகிற பக்கம் சீட்டுக் கலைக்கக்கூடப் பயப்படுவார்கள்.

சுந்தரமூர்த்தி கீற்றைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டான். சுவர் முழுக்க வேர்க்கடலைத் தோல் அடைத்த கோணிகளை ஆணியடித்து, மேலே ஜமக்காளம் போர்த்தினான். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். கதவுக்கு இரட்டைப் பலகை. வேலை முடிந்த அன்று மனைவி மீனம்பாளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தான்.

"ஒண்ணுமே கேக்கலைங்க," என்றாள் அவள், வேர்த்து விறுவிறுத்து.

அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஜன்னல் இல்லாத அறை, இரட்டைக் கதவு. அதற்குமேல் ஏட்டுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு வந்து சைக்கிளை நிறுத்தினார்.

"உள்ள இன்னாய்யா நடக்குது? சாராயமா? இல்ல, சினிமாப் பாட்ட திருட்டுத்தனமா கேசட் போடுறியா?"

"நீங்களே பாருங்க ஏட்டய்யா. ரெகார்டிங்கும் பண்ணலாம், மைக்செட் சாமானும் வெச்சுக்கலாம். ஒரே ரூம், ரெண்டு வேலை."

ஏட்டு கோணியைக் குத்திப் பார்த்தார். கடலைத் தோல் கொட்டியது. ஆம்ப்ளிஃபயரை மோந்து பார்த்தார். குழாய் ஸ்பீக்கருக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் மைக் முன்னால் வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"இதுல யார் பாடினாலும் பதியுமா?"

"ஏன் ஏட்டய்யா, பாடுவீங்களா?"

ஏட்டு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சின்ன வயசுல தர்காவுல பாடியிருக்கேன். இப்ப ஸ்டேஷன்ல வாயத் தொறந்தா சிரிக்கிறானுங்க. வூட்லயும், பால் திரிஞ்சிடும்னு அடுப்பங்கரைப் பக்கம் வுடமாட்டேங்கறா."

"இங்க எவன் சிரிக்கப் போறான்? பாடுங்க."

புதுக் கேசட் ஏற்கெனவே மாட்டியிருந்தது. மீனம்பாள் வெளியே போய்க் கதவை அழுத்திச் சாத்தினாள். தொப்பியைக் கழற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஏட்டு பாடினார். சுருதி எங்கெங்கோ அலைந்தது. ஆனாலும் மனசாரப் பாடினார். உச்சியில் அவர் ஓர் இழுப்பு இழுத்தபோது காலடியில் தரை லேசாக அதிர்ந்தது.

"இன்னாய்யா அதிருது?"

"உங்க குரல்தான் ஏட்டய்யா!"

ஏட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த உற்சாகத்தில் இன்னும் மூன்று பாட்டுப் பாடினார்.

"உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வெச்சுக்காத. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரேன்," என்று கேசட்டைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு சைக்கிள் ஏறினார்.

அவர் தலை மறைந்ததும், வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றிலிருந்து தலையெல்லாம் கல்தூசியாக இறங்கி ஓடிவந்தான் மீனம்பாளின் தம்பி முருகையன்.

"பாட்டுக்கு ரெண்டு வேட்டு வெச்சும், பர்மிட் இல்லாம ஒடைக்கிற அந்தப் பாறை இன்னும் பாதி நிக்குது மாமா, அடுத்த வாரம் ஏட்டய்யாவ நீளமான பாட்டா பாடச் சொல்லு!"